ஸிக் லைனில் ஒரு டிரைவர்

“மாமா, டிரைவரைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறேன், இன்னும் அரை மணியில் படுத்துவிடுவேன்” என்று நம் தமக்கையின் மகள் ஓரிரவு பதினொரு மணிக்குக் கூறியபோது, நம் மனக்கண்முன் வந்து நின்றவர் கையில் கொடியும் தோளில் பையுமாக ஓர் இஞ்சின் டிரைவரே. பதினான்கு ஆண்டுகள் ரயில்வே குமாஸ்தாவாகக் கோப்புகளோடு காலங்கழித்தவருக்கு வேறெந்த டிரைவர் நினைவுக்கு வருவார்? இப்பொழுது அவர்களை ‘லோகோ பைலட்’ என்று அழைக்க வேண்டும் என்பது விதி. பழைய சொல் நாவை விட்டு அகலவில்லை.

பிறகே விளங்கியது, அவள் குறிப்பிட்ட டிரைவர் கணினிக்குள்ளே குடியிருப்பவர் என்று. ‘வைஃபை’ என்று நம் வீட்டுப் பிள்ளைகள் சொல்லும் கம்பியில்லாத் தொடர்புக்கென ஒவ்வொரு மடிக்கணினியிலும் விரல்நகம் அளவில் ஒரு சில்லு இருக்கிறது. அந்தச் சில்லுக்கு எந்த வேளையில் எந்தக் கட்டளை இடவேண்டும், அது காற்றிலிருந்து வாங்கும் செய்தியை எங்ஙனம் கணினியிடம் சேர்ப்பிக்க வேண்டும் என்பனவற்றையெல்லாம் எழுதிவைத்த நிரலுக்கே டிரைவர் என்று பெயர். டிரைவர் இல்லாவிடின் சில்லு வெறும் மணற்கட்டிதான்.

இதைப்பற்றி எழுத நமக்கென்ன தகுதி என்று சங்கத்து அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. நாம் மெட்ரிகுலேஷன் தேறியதோடு படிப்பை முடித்துக்கொண்டோம். ஆயினும் ஓராண்டுக் காலம் நம் வீட்டு முன்னறையில், நம் கண்ணெதிரே நடந்த காரியம் இது. நமது சங்கக் குடும்பங்களில் பொறியியல் பயிலும் பிள்ளை இல்லாத வீடு இன்று அரிது. அவர்களுள் ஒருவருக்கேனும் பயன்படக் கூடும் என்றெண்ணியே எழுதத் துணிந்தோம்.

நம் அத்தான் நாகர்கோவில் வடசேரியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். மகளுக்குத் திருவனந்தபுரத்துப் பொறியியற் கல்லூரியொன்றில் இடம் கிடைத்தபொழுது, “விடுதிக்குப் பணம் கட்டுவதைவிட மாமன் வீடு மேல்” என்று கரமனையில் உள்ள நம் வாடகை வீட்டில் கொண்டுவந்து விட்டார். கடைசி ஆண்டில் அவள் வங்கித் தேர்வுக்குப் பயிற்சி பெறவேண்டும் என்பது அவர் ஏற்பாடு. பயிற்சி நிலையத்துக்குப் பணமும் கட்டியாயிற்று. அவளோ இரவெல்லாம் யாரோ எழுதிய நிரலில் இடைவெளியையும் பெயரையும் திருத்திக்கொண்டிருந்தாள். அதற்குச் சம்பளமில்லை, சான்றிதழும் இல்லை. “அங்கே அவள் என்னதான் செய்கிறாள்?” என்று அத்தான் வாரந்தோறும் தொலைபேசியில் கேட்க, விடை சொல்லும் கடன் நம்முடையதாயிற்று. விடை சொல்வதற்காகவே நாம் இவ்விஷயத்தைக் கற்கத் தொடங்கினோம் என்பதே உண்மை.

1991-ஆம் ஆண்டில் ஃபின்லாந்து தேசத்து ஹெல்சிங்கி நகரில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் மாணவர் தம் கணினிக்கென எழுதத் தொடங்கிய ‘லினக்ஸ்’ என்னும் கருநிரல், இன்று மூன்று கோடி வரிகளைக் கடந்து நிற்கிறது. அதைக் ‘கெர்னல்’ என்பர். அவ்வரிகளில் பாதிக்குமேல் டிரைவர்களே. எவரும் அதைப் படிக்கலாம், திருத்தலாம், திருத்தத்தைத் திருப்பியும் அனுப்பலாம். இந்தச் சுதந்திரத்தைக் கோரியெழுந்த இயக்கமும் ஒரு கருவியின் நிரலை முன்னிட்டே பிறந்தது என்பது நமக்கு வியப்பாயிருந்தது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் ஸெராக்ஸ் அச்சுப்பொறியொன்று அடிக்கடி காகிதம் சிக்கி நிற்க, அதனை இயக்கும் நிரலைத் திருத்த விரும்பிய ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பாருக்கு அதன் மூலம் மறுக்கப்பட்டது. அந்த மனத்தாங்கலிலிருந்து வளர்ந்ததே 1983-ல் அவர் அறிவித்த ‘க்னூ’ திட்டம். அவரே 2001 ஜூலையில் நம் திருவனந்தபுரத்துக்கு வந்து, இந்தியச் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார்.

அது முதல் இந்நகருக்கு இவ்விஷயத்தில் ஒரு தனி இடமுண்டு. கேரள அரசுப் பள்ளிகளில் கணினிக் கல்வி க்னூ-லினக்ஸைக் கொண்டே நடக்கிறது. 2017-ல் அமைந்த ‘கைட்’ என்னும் அரசு நிறுவனம் பள்ளிகளுக்கெனத் தனிப் பதிப்பே தயாரித்து அளிக்கிறது. ஆகவே இங்கு அரசுப் பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகள் ஐந்தாம் ஆறாம் வகுப்பிலேயே லினக்ஸை அறிந்துகொள்கின்றனர். ஊரில் உள்ள சித்தப்பா மகனுக்கு இது தெரியாத சங்கதி என்று இவர்கள் சற்றுப் பெருமையாகவே பேசிக்கொள்வதை நாம் கேட்டிருக்கிறோம். நம் மருமகளும் கல்லூரித் தோழி ஒருத்தி வழியாகத்தான் இதில் நுழைந்தாள். அத்தோழி இந்த ஊர்ப் பள்ளியில் படித்தவள்.

இனி டிரைவருக்கு வருவோம். சில்லைச் செய்யும் நிறுவனத்தாருக்கே அதன் உள்வழிகள் தெரியும். அவர்களுள் சிலர் முறையாக எழுதிக் கொடுப்பர். அதெராஸ் என்னும் நிறுவனம் 2008-ல் ‘ஏடிஹெச் 9கே’ என்ற வைஃபை டிரைவரை மூலத்தோடு தானே வெளியிட்டது. அதன் பராமரிப்போர் பட்டியலில் அந்நாளில் தமிழ்ப் பெயர்கள் இரண்டு இருந்தன என்பதை இங்கே சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. ஆனால் எல்லாரும் அங்ஙனம் செய்வதில்லை. பல இயக்க முறைகளுக்கும் பொதுவாக, அவசரத்தில், ஒருவர் எழுதியதன்மேல் மற்றொருவர் எழுதிய நிரலைக் கட்டாகக் கட்டி வெளியில் போட்டுவிடுவோரும் உண்டு. அது ஓடும், ஆனால் அதை யாரும் படிக்க இயலாது. படிக்க இயலாததைப் பழுதுபார்ப்பது எங்ஙனம்?

இத்தகைய டிரைவர்களுக்கென்று 2008-ல் கிரெக் குரோவா-ஹார்ட்மன் என்னும் மூத்த பராமரிப்பாளர் கெர்னலுக்குள் ‘ஸ்டேஜிங்’ என்ற தனிப்பகுதி அமைத்தார். இதை மருமகள் விளக்கியபோது, “அட, இது நம் ஸிக் லைன் அன்றோ!” என்று நாம் கூவிவிட்டோம். ரயில்வேயில் பழுதான வாகனுக்கு ‘ஸிக்’ என்று சீட்டு ஒட்டி, வண்டித்தொடரிலிருந்து கழற்றி, யார்டில் அதற்கென உள்ள தனித் தண்டவாளத்தில் நிறுத்துவர். தகுதிச் சான்று பெற்றால்தான் மீண்டும் பாதைக்கு வரும். ஸ்டேஜிங்கும் அதுவே. அங்கே நிற்கும் ஒவ்வொரு டிரைவருக்கும் இன்னின்ன குறைகள் தீரவேண்டும் என்று ஒரு குறிப்பேடு வைப்பது வழக்கம். அதை ஒருவர் தம் கணினியில் ஏற்றினால், இதன் தரம் அறியப்படாதது, எச்சரித்துவிட்டோம் என்ற பொருளில் கெர்னல் தன் பதிவேட்டில் ஒரு வரி எழுதும். கெர்னலின்மீதே ஒரு களங்கக் குறியும் இடும். அக்குறிக்கு அவர்கள் வைத்துள்ள பெயர் தமிழில் ‘குப்பை’ என்றே பொருள்படும். எங்கள் ஸிக் சீட்டு இதைவிட நாகரிகமானது.

மருமகள் தேர்ந்தது ஆர்.டி.எல். 8723 பி.எஸ். என்னும் சில்லுக்கான டிரைவர். விலை குறைந்த சிறு மடிக்கணினிகளிலும் கைப்பலகைகளிலும் வந்த சில்லு அது. அவளுடைய பழைய மடிக்கணினியிலும் அதுவே இருந்தது. தேர்ந்ததற்கு அதைத் தவிர வேறு காரணமில்லை. 2017-ல் அந்த டிரைவர் ஸ்டேஜிங்கில் நுழைந்து, பல ஆண்டுகள் அங்கேயே நின்றது.

அழுக்கு என்பது எத்தகையது என்று நாம் கேட்டோம். அவள் காட்டினாள். ஒவ்வொரு பெயரின் முன்னும் அது எவ்வகையைச் சேர்ந்தது என்று ஓரெழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும் ஒட்டகத்தின் முதுகைப்போல் மேடும் பள்ளமுமாகக் கலந்திருந்தன. ஒரே வேலையைச் செய்யும் இரண்டு செயற்கூறுகள் இருந்தன. எவரும் அழைக்காத செயற்கூறுகள், பல நாளாக யாரும் இறங்காத சிறு நிலையங்களைப்போல் பெயர்ப்பலகையோடு நின்றன. நிபந்தனைக்குள் நிபந்தனையாக உள்நோக்கிச் சென்று, வரிகள் திரையின் வலப்புறத்து விளிம்பில் முட்டிக்கொண்டிருந்தன. கெர்னலின் எழுத்துமுறை விதிப்படி ஒவ்வொரு உள்ளடுக்கும் எட்டு இடம் தள்ளித் தொடங்கவேண்டும்; மூன்று அடுக்குக்குமேல் போனால் எழுதியதையே மாற்றியமைக்க வேண்டும்.

இந்த அழுக்கெல்லாம் கண்ணுக்குத் தெரிவது. இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. கம்பியில்லாத் தொடர்புக்கு வேண்டிய பொது வேலைகளையெல்லாம் செய்வதற்குக் கெர்னலில் 2007 முதலே ‘மாக் 80211’ என்ற பொது அடுக்கு இருக்கிறது. புதிய டிரைவர்கள் அதன்மேல் ஓடவேண்டும். பழைய கட்டுகளோ அந்த வேலைகளைத் தாமே செய்துகொள்ளும்படி தமக்குள்ளேயே ஒரு தனி அடுக்கைச் சுமந்து வருகின்றன. தென்காசி, செங்கோட்டைப் பக்கத்து அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாடெங்கும் அகலப்பாதை வந்த பின்னும் மலையடிவாரத்தில் மீட்டர் பாதை மட்டும் தனியே ஓடிக்கொண்டிருந்தது அன்றோ? பெட்டியை எவ்வளவு துடைத்துப் பளபளப்பாக்கினாலும் மீட்டர் பாதைப் பெட்டி அகலப்பாதையில் ஏறாது.

துடைக்கத் தொடங்குவோருக்குத் துணையாகச் ‘செக்பாட்ச்’ என்ற சிறு நிரல் இருக்கிறது. அது திருத்தத்தைப் படித்து, இங்கே இடைவெளி மிகுதி, இங்கே வரி நீளம் என்று குற்றம் சொல்லிக்கொண்டே போகும். ஒரு வரியில் 80 எழுத்துக்குமேல் கூடாது என்பது அது நெடுநாள் சொல்லிவந்த குற்றங்களுள் ஒன்று. 2020-ல்தான் 100 வரை பொறுத்துக்கொள்ளும்படி தளர்த்தினர். 80 என்ற கணக்கு ஐ.பி.எம். நிறுவனத்தின் துளை அட்டையில் இருந்த 80 வரிசைகளின் வழியாக வந்தது என்பர். 1960-களில் இந்திய ரயில்வே நிறுவிய ஐ.பி.எம். 1401 கணினிகளும் அந்த அட்டையைத் தின்றே உயிர்வாழ்ந்தன. அட்டை போய்விட்டது, கணக்கு நிற்கிறது. அலுவலகப் படிவங்களிலும் இத்தகைய கட்டங்கள் உண்டு. யாருக்கு வேண்டும் என்று தெரியாமலே நாம் நிரப்பிக்கொண்டிருக்கிறோம்.

செக்பாட்ச் சொன்னதைக் கேட்டே மருமகள் இடறினாள். அது நடந்த விதத்தைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்.

சில்லுக்கு ஒரு கட்டளை இட்டபின் அது செய்து முடிக்கச் சில மைக்ரோ விநாடிகள் காத்திருக்க வேண்டும். காத்திருப்பதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ‘யு-டிலே’ என்பது வேறொரு வேலையும் பாராமல் நின்றபடியே காத்திருப்பது. ‘யு-ஸ்லீப்-ரேஞ்ச்’ என்பது, “எழுப்புங்கள்” என்று சொல்லிவிட்டுச் சற்றே கண்ணயர்வது; அந்நேரத்தில் கணினி வேறு வேலையைக் கவனிக்கும். இரண்டாவதே சிக்கனமென்று தோன்றும். செக்பாட்சும் முதலாவதைக் கண்ட இடத்தில் இரண்டாவதைப் பரிந்துரைத்தது. மருமகள் சொல்லை மாற்றினாள். நிரல் பிழையின்றித் தொகுக்கப்பட்டது. அதை ஒரு திருத்தமாக்கி அனுப்பிவிட்டு, அன்று நிம்மதியாக உறங்கினாள். திருத்தத்துக்கு அவர்கள் ‘பாட்ச்’ என்று பெயரிட்டிருக்கின்றனர். கிழிசலுக்குப் போடும் ஒட்டு என்று கொள்க.

மறுநாள் மாலை ஒருவரிக் கடிதம் வந்தது. அவ்விடத்தில் பூட்டு பிடிக்கப்பட்டிருக்கிறதே, உறங்கலாமா, கருவியில் ஓட்டிப் பார்த்தீர்களா என்பது அதன் கருத்து.

பூட்டு என்றால் என்னவென்று அவள் சொன்னபோது நமக்கு விளங்க அரைநிமிடம்கூட ஆகவில்லை. ஒற்றைப் பாதையில் டோக்கன் முறை என்று ஒன்றிருந்தது. இரு நிலையங்களிலும் மின்கம்பியால் இணைத்த நீல் டோக்கன் கருவிகள் இருக்கும். ஒரு பந்து வெளியே வந்துவிட்டால் அது மறுமுனையில் சேரும் வரை இன்னொரு பந்து எக்கருவியிலிருந்தும் வாராது. பந்தைக் கையில் வைத்திருக்கும் டிரைவர் மட்டுமே அந்தப் பாதையில் செல்லலாம். அவர் நடுவழியில் வண்டியை நிறுத்தி உறங்கிவிட்டால்? இரு பக்கத்து நிலையங்களிலும் வண்டிகள் தவம் கிடக்கவேண்டியதுதான். கணினியிலும் அங்ஙனமே. பூட்டைப் பிடித்தவர் உறங்கினால், பூட்டுக்காகச் சுற்றிக்கொண்டிருக்கும் மற்றவரெல்லாம் சுற்றிக்கொண்டேயிருப்பர். நின்றபடி காத்திருப்பது அவ்விடத்தில் அழுக்கன்று, வேண்டுமென்றே எழுதப்பட்டது.

அன்றிரவுதான் அவள் தன் திருத்தத்தோடு மடிக்கணினியை ஓட்டிப் பார்த்தாள். வைஃபை இணைய முற்பட்டதும், உறங்கக் கூடாத நிலையில் ஒருவர் உறங்க முயன்றார் என்று கெர்னலின் பதிவேடு பக்கம்பக்கமாக அலறிற்று. அனுப்புமுன் ஐந்து நிமிடம் செலவழித்திருந்தால் தெரிந்திருக்கும். இரண்டு நாள் அவள் மடிக்கணினியைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் வங்கித் தேர்வுப் புத்தகம் மேசைக்கு வந்தது. அத்தானிடம் இதைச் சொல்லியிருந்தால் மகிழ்ந்திருப்பார். நாம் சொல்லவில்லை.

நமக்கோ அவ்விரண்டு நாளில் வேறோர் எண்ணம் ஓடிற்று. ஓர் அலுவலகத்தில் பழைய பதிவேடுகளை ஒழுங்குசெய்யும்படி புதிதாக வந்த இளைஞரொருவரிடம் ஒப்படைத்தனர். மிகச் சுறுசுறுப்பானவர். ஒரே தொகை இரண்டு பத்திகளில் வருகிறதே என்று கண்டு ஒரு பத்தியை நீக்கிப் புதிய படிவம் வரைந்தார். நீக்கியது தணிக்கைக்காரர் ஒப்புநோக்குவதற்கென்று வைத்த பத்தி. அவ்வாண்டுத் தணிக்கையின்போது நாங்கள் பட்டது நினைத்தால் இன்றும் நெஞ்சு பதைக்கிறது. அவரைக் குறை சொல்வதிற் பயனில்லை. எது குப்பை, எது சுவரைத் தாங்கும் கல் என்பது அந்த வீட்டில் சில காலம் குடியிருந்தாலன்றித் தெரியாது. இந்தக் கதையை மருமகளிடம் சொன்னோம். அவள் சிரித்தாள், பின்பு மடிக்கணினியை எடுத்தாள்.

இம்முறை அவள் ஒருவரும் அழைக்காத செயற்கூறு ஒன்றைத் தேர்ந்தாள். அதன் பெயரைக் கெர்னல் முழுவதும் தேடினாள், அழைப்பவர் எவருமில்லை. நீக்கினாள், தொகுத்தாள், கணினியை அணைத்து ஏற்றினாள், வைஃபையில் ஒருநாள் முழுதும் பாடம் கேட்டாள். பதிவேட்டில் ஒரு முணுமுணுப்பும் இல்லை. பின்பே அனுப்பினாள். திரும்பி வந்தது: தலைப்பைக் கண்டால் என்ன செய்கிறீர்கள் என்று தெரியவில்லையாம். தலைப்பைத் திருத்தி இரண்டாம் முறை அனுப்பினாள். அதுவும் திரும்பிற்று. கூடவே அடுத்த வரியில் இருந்த இடைவெளியையும் திருத்தியிருந்தாள். ஒரு திருத்தம் ஒரு காரியத்தையே செய்யவேண்டும் என்பது விதி. மூன்றாம் முறை அனுப்பியது ஏற்கப்பட்டது. சேர்த்த வரிகள் 0, நீக்கிய வரிகள் 23.

இதற்கிடையில் நாம் கேட்ட ஒரு செய்தி நம்மைச் சற்றே கலக்கிற்று. இப்படித் துடைக்கப்பட்ட டிரைவர்கள் எல்லாம் ஸிக் லைனை விட்டு வெளியேறுவதில்லை. ‘வில்க் 1000’ என்ற சிறு சில்லின் டிரைவர் 2015-ல் ஸ்டேஜிங்கில் நுழைந்து, ஐந்தாண்டு வேலைக்குப்பின் 2020-ல் தகுதி பெற்று முறையான இடத்துக்குச் சென்றது. ஆனால் ஆர்.டி.எல். 8188 ஈ.யூ. என்பதன் கதை வேறு. 2013-ல் நுழைந்த அதை உலகெங்கும் உள்ள எத்தனையோ புதியவர்கள் துடைத்தனர். 2021-ல் அதை எடுத்துவிட்டு அதே சில்லுக்கு வேறொரு பதிப்பை வைத்தனர், அதையும் துடைத்தனர். பொதுப் பாதையில் ஓடும் வேறொரு டிரைவர் அச்சில்லையும் இயக்கக் கற்றுக்கொண்டதால், 2023-ல் அந்தப் பதிப்பும் முழுவதுமாக நீக்கப்பட்டது. துடைத்த வரியெல்லாம் துடைத்தவர் பெயரோடு பழைய ஏட்டில் மட்டும் இருக்கின்றன.

பயனற்ற உழைப்பு என்று அத்தான் சொல்வார். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். 1904-ல் திறந்த கொல்லம்–செங்கோட்டைப் பாதையில் புனலூருக்கு அப்பாலுள்ள மலைப்பகுதியில் 2010 வரை மீட்டர் வண்டி ஓடிற்று. 2018-ல் அங்கே அகலப்பாதை திறக்கப்பட்டது. கடைசி நாள் வரை அந்த மலைப்பாதையில் கட்டையை நிமிர்த்திச் சல்லியை இறுக்கிய கேங்மேன், பாதை போகப்போகிறது என்று தெரிந்தே இறுக்கினார். அவர் இறுக்கியதால்தான் கடைசி வண்டியும் ஆரியங்காவுக் குகையைத் தாண்டிற்று.

அந்த 8188 ஈ.யூ. டிரைவரை 2013-ல் கொண்டுவந்து சேர்த்தவர் லாரி ஃபிங்கர் என்னும் அமெரிக்கர். வாஷிங்டன் கார்னகி நிறுவனத்தின் புவியியற்பியல் ஆய்வுக்கூடத்தில் படிகங்களின் அமைப்பை ஆராய்ந்த விஞ்ஞானி அவர். ‘ஃபிங்கரைட்’ என்ற கனிமம் அவர் பெயரால் வழங்குகிறது. ஓய்வு பெற்றபின் வைஃபை டிரைவர்களைப் பிடித்துக்கொண்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட திருத்தங்கள் அவர் கையொப்பத்தோடு கெர்னலில் உள்ளன. 2024 ஜூனில் காலமானார். தாம் சேர்த்த டிரைவர் நீக்கப்பட்டதையும் அவர் உயிரோடிருந்து கண்டார். ஓய்வூதியம் வாங்கியபின் என்ன செய்வது என்று நம் அலுவலகத்தில் பெரியவர்கள் பேசிக்கொள்ளும்போதெல்லாம் இப்போது நமக்கு இவர் நினைவு வருகிறது.

கையொப்பம் என்றோமே, அதையும் சொல்லிவிடுவோம். எங்கள் பதிவேடுகளில் பிழையை அழித்தெழுதுதல் கூடாது. ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் இடவேண்டும். அடித்தது என்ன என்பதும் தெரியவேண்டும். 2005-ல் டோர்வால்ட்ஸ் எழுதிய ‘கிட்’ என்ற பதிவுமுறையும் அதே ஒழுக்கமுடையது. நீக்கியதும் அதில் நிற்கும். ஒவ்வொரு திருத்தத்தின் அடியிலும், இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்று அனுப்புபவர் தம் பெயரால் உறுதி கூறவேண்டும். 2003-ல் எழுந்த ஒரு பெரிய வழக்கின் விளைவாக 2004-ல் வந்த ஏற்பாடு இது. பெயரற்றவர் அனுப்புவதை அவர்கள் ஏற்பதில்லை.

இங்கேதான் நம் தமிழ்ப் பெயருக்குரிய ஒரு சங்கடம் வந்தது. கல்லூரி ஏட்டில் மருமகளின் பெயருக்கு முன்னே ஓரெழுத்து. தலைப்பெழுத்தை முன்னே எழுதுவதா, பின்னே எழுதுவதா, விரித்தெழுதுவதா? வெளிதேசத்தார் அவ்வெழுத்தையே பெயரென்று எண்ணி அழைப்பதும் உண்டு. ஒரு மாலை முழுவதும் யோசித்து, தன் பெயரை எழுதித் தகப்பனார் பெயரை முழுமையாக அடுத்து எழுதினாள்.

நம் பிள்ளைகளில் எவரேனும் இதில் இறங்க விரும்பினால் பெரிய செலவொன்றுமில்லை. பழைய கணினி போதும். தான் திருத்தப்போகும் கருவி தன்னிடம் இருப்பது நலம். கெர்னலோடு வரும் ஆவணங்களில் முதல் திருத்தம் அனுப்பும் முறை விளக்கமாக உள்ளது. கடிதம் வெறும் எழுத்தாக இருக்கவேண்டும். அலங்காரக் கடிதத்தையும் இணைப்பையும் அவர்கள் விரும்புவதில்லை. ‘அவுட்ரீச்சி’ என்ற திட்டத்தில் தேர்வானவர்க்கு உதவித்தொகையும் உண்டு. 2013 முதல் கெர்னல் வேலையும் அதில் சேர்ந்தது. விண்ணப்பக் காலத்தில் பெண்கள் பலரும் முதலில் கைவைத்தது இந்த ஸ்டேஜிங் டிரைவர்களிலேதான். நம் நகரிலேயே கேரள அரசு அமைத்த ‘ஐ.சி.ஃபாஸ்’ மையம் இருக்கிறது. பெற்றோர்க்கு ஒரு விண்ணப்பம்: ஒருவரிக் கடிதம் வந்து பிள்ளை முகம் வாடினால் அதைப் பெரிதாக்க வேண்டாம். அவர்கள் எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுகின்றனர்.

சென்ற திங்கள் அத்தான் சாலைக் கடைத்தெருவில் சரக்கெடுக்கக் காலை வண்டியில் வந்திருந்தார். காப்பி குடித்தபின் நாம் மெல்லப் பேச்சைத் தொடங்கினோம். மருமகள் மடிக்கணினியைக் கொணர்ந்து அவர் முன் வைத்து, ஏற்கப்பட்ட திருத்தத்தைத் திறந்து காட்டினாள். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டினார். அடியில் மகள் பெயரும் அதையடுத்துத் தம் பெயரும் வந்ததும் நிறுத்தினார்.

“இதை யார்யார் பார்ப்பார்கள்?” என்றார்.

“யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் அப்பா.”

“இருபத்துமூன்று வரியை எடுத்ததற்கா?”

“ஆமாம் அப்பா.”

அவர் கண்ணாடியைக் கழற்றி உறையிலிட்டார். “கடையில் நானும் வருஷத்துக்கு ஒருமுறை பரணை இறக்குகிறவன்தான். என்ன கிடக்கிறது என்று தெரிந்தால்தானே எதை வாங்குவது என்று தெரியும்” என்றார். பிறகு, “பயிற்சி வகுப்பையும் விட்டுவிடாதே, கட்டிய பணம்” என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு சாலைக்குப் புறப்பட்டார்.

அவள் விடவில்லை. சனி, ஞாயிறு காலைகளில் பயிற்சி வகுப்புக்குச் செல்கிறாள். அன்றிரவும் முன்னறை விளக்கு பதினொரு மணிக்குமேல் எரிந்தது. நாம் எட்டிப் பார்த்தபோது, அடுத்த செயற்கூற்றின் பெயரைத் தாளில் எழுதிவைத்து, அதை அழைப்பவர் எவரேனும் உண்டா என்று தேடிக்கொண்டிருந்தாள்.